கயிற்றை விடக் கூடாது

"அத்தை, கயிறை விட்டுடாதீங்க! விட்டா அவ்வளவுதான்!" என்று மாமியாரின் காதருகே கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

"என்ன மாப்பிள்ளை?" என்று நிதானமாகக் கேட்டாள் மாமியார்.

குடியிருப்புச் சங்கம் நடத்தும் குடும்ப ஓட்டம் அது. எந்தப் புண்ணியவானின் யோசனையோ, வீட்டுக்கு மூன்று பேர், அதில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர், மூவரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று விதி. கடைசி ஆளும் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு.

மருந்துக்கடைக்காரருக்குக் கோப்பை மேல் ஆசையில்லை. அவரும் சகலையும் போனிலேயே ஒரு ரகசியப் பந்தயம் கட்டியிருந்தார்கள். இருவரில் யார் குடும்பம் பின்தங்குகிறதோ, அவர் வீட்டில்தான் அடுத்த வருஷம் பூரா மாமியார் இருப்பாள். மாமியாரைப் பெற்ற தாயாக மதிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் மாப்பிள்ளைகள். வேறு எப்படி முடிவெடுப்பார்கள், பாவம்!

முன்னால் அவருடைய தம்பி, நடுவில் அவர், கடைசியில் மாமியார் என்று கயிறு ஊர்ந்தது.

"பிரேக் பிடிச்ச லாரியை இழுக்கிற மாதிரி இருக்குடா" என்றார்.

"மெதுவாண்ணே, அத்தை காதுல விழப்போகுது."

"எந்தக் காதுல? அந்த மெஷின்ல பாட்டரி எப்பவோ செத்துப்போச்சு. மாத்தித் தரேன், மாத்தித் தரேன்னு நான்தானே இழுத்தடிக்கிறேன்!"

கடையில் கல்லாவுக்குப் பின்னாலேயே அந்தப் பாட்டரியை அடுக்கி வைத்திருக்கிறார். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால் எப்படி ஞாபகம் வரும்?

"என்னமோ சொன்னீங்களே மாப்பிள்ளை?"

"மான் மாதிரி ஓடறீங்கன்னு சொன்னேன் அத்தை!"

"எல்லாம் உங்க வீட்டுச் சாப்பாடு மாப்பிள்ளை."

"சாப்பாட்டுல மட்டும் குதிரை, நடக்கச் சொன்னா நத்தை" என்று பல்லைக் கடித்தார். "இன்னொரு வருஷம் இந்த முகத்தைப் பார்த்தா, நான் என் கடை மாத்திரையை நானே முழுங்க வேண்டியதுதான்."

அப்போதுதான் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. முன்னால் போன சகலையின் அப்பா மூச்சு வாங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சகலை கயிற்றின் ஒரு முனையில் நின்றுகொண்டு, "எழுந்திருங்கப்பா!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, உடம்பு சரியில்லையா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தபடியே மருந்துக்கடைக்காரர் அவர்களைத் தாண்டினார்.

கோட்டருகே அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்று கைதட்டினாள். தம்பி தாண்டினான். இவரும் தாண்டினார். கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

திரும்பிப் பார்த்தார். கோட்டுக்கு ஓரடி முன்னால் மாமியார் குனிந்து, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! ஒரே ஒரு அடி! அப்புறம் கட்டிக்கலாம்!" கையைக் காலை ஆட்டிக் காட்டினார், கும்பிட்டும் பார்த்தார். மாமியார் கட்டிய லேஸை அவிழ்த்து, அழகாக மறுபடி கட்டினாள். பிறகு அடுத்த காலுக்குப் போனாள்.

சகலை தன் அப்பாவையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினார். தாண்டியவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அதற்குப் பிறகுதான் மாமியார் நிமிர்ந்து, துள்ளலாக ஒரு எட்டு வைத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படி நின்னுட்டே?" என்றாள் தண்ணீர் பாட்டிலோடு நின்ற மகள்.

"தோத்தவங்க வீட்டுலதான் நான் இருக்கணும்னு ரெண்டு மாப்பிள்ளைங்களும் பந்தயம் கட்டியிருக்காங்கடி. அன்னிக்கு உன் வீட்டுக்காரர் என் முன்னாலயே உட்கார்ந்து போன்ல பேசினார். கேட்டதும் அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் ஓட வரேன்னு சொன்னேன்."

மனைவியின் பார்வை புருஷன் பக்கம் திரும்பியது.

மாமியார் காது மெஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். "பாட்டரியைப் போன மாசமே உங்க எதிர்க்கடையில வாங்கிப் போட்டுட்டேன் மாப்பிள்ளை. இந்த நத்தைக்கு உங்க வீடே போதும், மாத்திரைக்குத்தான் உங்களுக்குப் பஞ்சமே இல்லையே!"