ஜெரார்டின் நாக்கு

"வாசனை ரசாயனத்தைப் பாதுகாப்பான அளவைவிட மூணு மடங்கு போட்டிருக்கீங்க, சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் உணவுப் பரிசோதனை லேபின் ஆய்வாளர் ஈவா.

ஜெரார்ட் அசரவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டின் பாதிக் கடைகளுக்கு ஏலக்காய் எசென்ஸ் தயாரிப்பவர் அவர். தீபாவளிக்குள் புது எசென்ஸ் விற்பனைக்கு வந்தாக வேண்டும்.

"குறைச்சா வாசனையே வராது லா! இருபது வருஷமா இந்த நாக்குதான் என் மெஷின். தினம் முப்பது கப் ருசி பார்க்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

ஈவா ஒரு கப் தேநீரை நீட்டினாள்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "பார்த்தீங்களா? நீங்க சொன்ன அளவு போட்டா இப்படித்தான். ஏலக்காய் போட்ட மாதிரியே இல்ல!"

"இது உங்க அளவு, சார். அதே மூணு மடங்கு. லேப்ல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்பத் தெரியுதா?"