வாசலில் ஒரு ஜனாதிபதி

றஞ்சிதத்தின் ஆய்வறிக்கை திரும்பி வந்துவிட்டது.

இரண்டு வருடப் படிப்பு. பாடசாலை நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், எல்லாம் இணையத்தில். வெள்ளவத்தை வீட்டில் குசினி மேசைதான் வகுப்பறை. கடைசியில், தான் படிப்பிக்கும் கொட்டாஞ்சேனைப் பாடசாலையைப் பற்றியே எண்பது பக்கம் எழுதி அனுப்பினாள்.

அங்கிருந்து கேள்விதான் வந்தது.

'ஒரு பாடசாலையைப் பற்றி எழுதச் சொன்னோம். நாட்டின் ஜனாதிபதி ஏன் தினமும் காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்கிறார்? பிந்தி வரும் எழுத்தாளர்களை ஏன் ஏசுகிறார்? பத்து நாட்களில் திருத்தி அனுப்பவும்.'

அதே பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் பாயிஸ் அதை வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"தமிழ்ல எழுதி ஃபோன்ல இங்கிலீஷுக்கு மாத்தினீங்களா டீச்சர்?"

"ஓம். என்ர இங்கிலீசில எண்பது பக்கம் எழுத ஏலுமோ?"

"அதுதான். நமக்கு அதிபர் எண்டா ஸ்கூல்ட பெரியவர். ஃபோனுக்கு அவர் நாட்டுக்கே பெரியவர். ஆசிரியர் எண்டா புத்தகம் எழுதுறவர். இங்க பாருங்க, வைஸ் பிரசிடென்ட் கக்கூஸ் செக் பண்ணுறார்."

"பகிடி விடாதேங்கோ பாயிஸ். ஒரேயடியா மாத்தேலாதோ?"

"பிரசிடென்ட் எல்லாத்தையும் பிரின்சிபல் எண்டு மாத்திப் பாத்தேன். பழைய மாணவர் சங்கத் தலைவரும் பிரின்சிபல் ஆயிட்டார். இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர் வரி வரியா இருந்து பாக்கணும்."

இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் மேல்மாடியில் இருந்தார். அதிபர் சவுந்தரநாயகம். இருபது வருடம் அந்தப் பாடம் படிப்பித்தவர்.

"அவரிட்ட மட்டும் போகேலாது," என்றாள் றஞ்சிதம்.

"ஏன்?"

"நாலாம் அத்தியாயம் முழுக்க அவர்தான்."

அதிபர் ஒருவரையும் கதைக்க விடமாட்டார். ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க மூன்று தரம் படி ஏற வேண்டும். புதிதாக எது சொன்னாலும் 'பிறகு பாப்பம்'. அத்தனையும் உண்மை. அவள் படிக்கத் தொடங்கிய புதிதில், ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால், "நிர்வாகம் கம்ப்யூட்டரில வாறதெண்டா நான் ஏன் முப்பது வருசம் தொண்டை கிழியக் கத்தினனான் ரீச்சர்?" என்று கேட்ட மனிதர்.

மார்கழியில் அவருக்கு ஓய்வு. அந்தக் கதிரைக்கு விண்ணப்பிக்க இந்தப் பட்டம் வேண்டும். றஞ்சிதத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த முறை தவறினால் அவ்வளவுதான்.

"ஷெரோமி மிஸ்ஸிட்டக் குடுங்கோ," என்றாள். பிள்ளை பெற்று மூன்று மாதமாக தெமட்டகொடை வீட்டில் லீவில் இருக்கும் இங்கிலீஷ் ரீச்சர். "அதிபரின்ர கண்ணில மட்டும் பட்டிடக் கூடாது."

"சரி டீச்சர்."

ஐந்தாம் நாள் ஆய்வறிக்கைக் கட்டு திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஜனாதிபதிகள் எல்லோரும் பதவி இறங்கியிருந்தார்கள். எழுத்தாளர்கள் பேனையை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பியிருந்தார்கள்.

நாலாம் அத்தியாயத்தில்தான் சிவப்பு அதிகம். 'ஒருவரையும் கதைக்க விடமாட்டார்' என்ற இடத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'சான்று போதாது. போன மாதக் கூட்டத்தில் முத்துலிங்கம் மாஸ்டர் எழும்பியதும், வாய் திறக்க முதலே அவரை இருத்தியதைச் சேர்க்கவும்.'

அடுத்த பக்கத்தில் இன்னொன்று: 'மூன்று தரம் அல்ல. ஐந்து.'

"ஷெரோமி மிஸ்ஸுக்கு அந்த மனுசனில என்ன கோவமோ," என்று சிரித்துக்கொண்டே அத்தனையையும் சேர்த்து அனுப்பினாள்.

பட்டம் கிடைத்தது. நாலாம் அத்தியாயம் மிக நேர்மையானது என்று தனியாகப் பாராட்டியும் இருந்தார்கள்.

அன்றைக்கே ஷெரோமியின் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு பாயிஸிடம் வந்தாள்.

"தெமட்டகொடையில ஷெரோமி மிஸ்ஸின்ர வீடு எவ்விடம்? நேரில போய்ச் சொல்லவேணும்."

பாயிஸ் தலையைச் சொறிந்தான்.

"அவங்க அந்தக் கட்டைக் காணவே இல்ல டீச்சர்."

"என்ன?"

"அவங்களுக்குக் குடுக்கத்தான் ஒஃபிஸ் மெஷின்ல பிரிண்ட் போட்டேன். திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆள் நிக்கிறார். எடுத்துப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தார். நாலாம் அத்தியாயத்துல நிண்டுட்டார்."

"ஏசினாரோ?"

"இல்ல. 'இங்கிலீஷ் சரியில்லை, வச்சிட்டுப் போம்' எண்டார். பிறகு கூப்பிட்டுத் தரக்குள்ள ஒண்டு சொன்னார். 'ஷெரோமி திருத்தினதெண்டே சொல்லும். நான் பாத்தனான் எண்டு தெரிஞ்சா, ரீச்சர் பயத்தில நாலாம் அத்தியாயத்தை வெட்டிப் போடுவா. அது போனா ஆராய்ச்சியில ஒண்டுமில்லை' எண்டார்."

றஞ்சிதம் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"ஆர் பாயிஸ்?"

"சவுந்தரநாயகம் சேர்."