பலகையில் ஒட்டிய டெண்டர்

நகராட்சிக் குப்பை லாரிகள் தேய்ந்துபோனதும் புது பாடி கட்டச் சொல்லித் தாமே டெண்டர் விடும் காலம் அது. கம்பெனிக் கணினிகள் அதைத் தாமே கண்டுபிடித்து விலையும் சொல்லிவிடும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பூங்கோதைக்கு மிச்சமிருந்த வேலை கையெழுத்துப் போடுவதுதான்.

முன்பெல்லாம் டெண்டர் தேடி ஊர் ஊராகப் பஸ்ஸில் போவாள். எந்த நகராட்சி அறிவிப்புப் பலகைக்குப் போனாலும் போட்டிக் கம்பெனி இலியாஸ் அங்கே நிற்பார். இருவரும் குறிப்பெடுத்துவிட்டு, ஒன்றும் எடுக்காதவர்கள் போல் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

ஒரு நாள் காலை கணினி சொன்னது: "மேலக்குறிச்சி நகராட்சி டெண்டர் இணையத்தில் இல்லை, பலகையில் மட்டும் ஒட்டப்பட்டுள்ளது. தவிர்க்கிறேன்."

பூங்கோதை அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பலகை முன்னால் இலியாஸ் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இன்னும் உங்க கம்பெனியில ஆள் அனுப்பறாங்களா?" என்று கேட்டாள்.

"வேலைய விட்டு மூணு வருசம் ஆச்சுங்க. பலகையில டெண்டர் ஒட்டியிருக்காங்கன்னு இந்த ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னாரு. நீங்க வருவீங்கன்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

பூங்கோதை பலகைப் பக்கம் திரும்பி டெண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியையே நான்கு தடவை படித்தாள். ஒன்றும் மனதில் ஏறவில்லை.