ஐயா இறங்கும் நேரம்

பல்கலைக்கழகக் குளத்தில் கூட்டு நீச்சல் மன்றம் ஒன்று தொடங்க வேண்டுமென்று வாத்துக்கு ஆசை. தவளையும் ஆமையும் சேர்ந்துகொண்டன. மூவரும் ஒன்றாக மூழ்கி ஒன்றாக எழ வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஆனால் வாத்து தலையை உள்ளே விடுவதற்குள் தவளை மேலே வந்துவிடும். ஆமை அப்போதுதான் மூழ்க யோசிக்கும்.

“அண்ணே, எங்களோட சேர்ந்து மூழ்கினா என்ன?” என்றது வாத்து ஆமையிடம்.

“அண்ணன் அடுத்த வருஷ விழாவுக்கு இப்பவே தயாராகுறார்” என்றது தவளை.

துணைவேந்தர் எருமை பார்வையிட வரும் நாளும் வந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் மன்றம் அன்றோடு கலைந்துவிடும்.

மூவரும் மூன்று விதமாகத் தத்தளிப்பதை எருமை கரையில் நின்று பார்த்தது. பிறகு வெயில் தாங்காமல் குளத்துக்குள் இறங்கியது. தண்ணீர் எழும்பியது. வாத்தும் தவளையும் ஆமையும் ஒருசேர மேலே போய் ஒருசேரக் கீழே வந்தன. கரையிலிருந்த கொக்குகள் சிறகு தட்டி ஆர்ப்பரித்தன.

“பாத்தீங்களா? நான் இறங்கின பிறகுதான் உங்களுக்குள்ள ஒற்றுமையே வந்திருக்கு. இனிமே நானே பயிற்சியாளர்” என்றது எருமை.

வாத்து ஏதோ சொல்ல வாயெடுத்தது. மன்றம் பிழைத்துவிட்டது என்று உறைத்ததும், “எல்லாம் உங்க ஆசீர்வாதம், ஐயா” என்றது.

மறு ஆண்டு நீர்க்காகம் ஒன்று மன்றத்தில் சேர வந்தது.

“எனக்கு நல்லா நீந்தத் தெரியும், அக்கா.”

வாத்து பதறிப்போனது.

“ஐயோ, அதை வெளியில சொல்லிக்காதே. ஐயா இறங்குற வரைக்கும் அசையாம மிதந்தா போதும்.”