பேரியத்துக்கு அடுத்த இடம்

கேட்டைத் தாண்டியதும் அவள் கண்ணில் பட்டது அதுதான்.

மகள் தள்ளி நின்றாள்.

பந்தல் நிழலில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை. அட்டையில் தனிமத்தின் பெயர், அதன் கீழே அணு எடை. அறிவியல் விழாவுக்குத் தனிம வரிசை அட்டவணையை மைதானத்தில் ஆளாகவே நிறுத்தியிருந்தார்கள்.

பந்தலுக்கு வெளியே, தள்ளி, வெயிலில் இரண்டு வரிசை.

அதில் ஒருத்தி சுடரொளி. அவள் மகள்.

சித்தாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சும்மாட்டுத் துணி தலையிலேயே இருந்தது. விரலிடுக்கில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது.

ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. எம்மா, நான் நியோடிமியம். ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற காந்தத்துல நான்தான் இருக்கேன். எடை நூத்தி நாப்பத்தி நாலு. மூணு மூட்டை சிமெண்டுக்கு ஆறு கிலோ குறைச்சல் என்று அவளும் சொல்லிவைத்தாள். சோறு உண்ணும்போதும் அதுதான், தலை பின்னும்போதும் அதுதான்.

தள்ளி நிற்கப்போகிறேன் என்று மட்டும் மகள் சொல்லவில்லை.

தள்ளி நிற்கவைத்தால் எதற்கென்று அவளுக்குத் தெரியும். அவளும் நின்றிருக்கிறாள். கல்யாண வீட்டில், டீக்கடையில், இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில்.

யாரும் காரணம் சொன்னதில்லை.

விறுவிறுவென்று நடந்தாள்.

மகள் பார்த்துவிட்டாள். "எம்மா, சும்மா இரி. எல்லாரும் பாக்காவ."

அவள் நிற்கவில்லை.

எஸ்தர் டீச்சர் பந்தலுக்குள் ஒரு பையனின் அட்டையை நேராக்கிக்கொண்டிருந்தார். கேட்க வந்த சொல் நல்ல சொல் இல்லை. மகள் முகத்துக்காக அதை விழுங்கினாள். வேறு சொல் தேடினாள். தேடிக்கொண்டே அட்டைகளைப் பார்த்தாள்.

எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எண் அப்படியில்லை.

புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விட்டுவிட்டாள். நூற்று முப்பத்திரண்டு. நூற்று முப்பத்தேழு. அடுத்து தரையில் ஒரு சுண்ணாம்பு வட்டம், ஆள் இல்லை. அதற்கடுத்து நின்ற பையன் நூற்று எழுபத்தெட்டு.

"இங்க ஆளக் காணுமே டீச்சர்."

"அது அந்தப் பிள்ளைங்க இடம்மா." டீச்சர் வெளியே நின்றவர்களைக் காட்டினார். "உங்க மக வரிசை பதினஞ்சு பேரும் பேரியத்துக்கு அடுத்து இந்த வட்டத்துல வரணும். மத்த வரிசைக்கு அதுக்குப் பின் வரிசையில உள்ள வட்டம். எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா நீளமாயிரும், புஸ்தகத்துல பக்கம் பத்தாது. அதான் கீழ இறக்கிப் போடுறது."

"இங்கதான் இடம்னு சொல்லுதிய."

"இங்கதான்."

"இது புஸ்தகமா டீச்சர்?"

டீச்சர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி வரை வெறும் தரை.

"போர்டுல எழுதி எழுதியே பழகிட்டும்மா" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. விசிலை எடுத்து ஊதினார்.

வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் வலப்பக்கம் நகர்ந்தார்கள். நகர நகரப் பந்தல் தீர்ந்துபோனது. தங்கம் வெயிலுக்கு வந்தது. தங்கம், பஞ்சாயத்துத் தலைவர் மகன். கடைசித் தனிமம் தொட்டியடிக்கே போய்விட்டது.

"டீச்சர், கால் சுடுது" என்றது ஈயம்.

"செருப்பப் போட்டுட்டு நில்லுல."

வெளியே நின்ற இரண்டு வரிசையும் உள்ளே வந்தன. பேரியம் அட்டைக்காரி கையை நீட்டி முதல் ஆளை இழுத்துக்கொண்டாள். சுடரொளி நான்காவது.

மகள் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் சண்டை இருக்கிறது.

இருக்கட்டும்.

போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"படத்துல அடங்க மாட்டேங்கு டீச்சர். நடுவுல வந்த பிள்ளேல் மட்டும் முன்ன மாதிரி தள்ளி நின்னுக்கிடட்டும். போட்டோவுக்கு மட்டுந்தான். ஒரு நிமிசம்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தினர் வரும் நேரம்.

பேரியத்துக்கு அடுத்து நின்ற பெண் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.

அதற்குள் சுடரொளி இரண்டு பக்கமும் நின்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பின்னால போங்கண்ணே."

பெரிய சத்தமில்லை. தொட்டியடி வரை கேட்டது.

வெளியே வைத்த கால் உள்ளே வந்தது.

போட்டோக்காரர் சுடரொளியைப் பார்த்தார். வரிசையின் இந்தக் கடைசியைப் பார்த்தார். அந்தக் கடைசியைப் பார்த்தார்.

இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

இன்னும் இரண்டு.

கொடிக்கம்பத்தைத் தாண்டினார். கேட்டைத் தாண்டினார். கண்ணில் வைத்த கேமராவை எடுக்காமலே ரோட்டில் இறங்கினார்.

திருச்செந்தூர் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே வந்தது.

அவரைப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தது.

நின்றது.