இரண்டு நாள் மூத்தவர்

"கல்யாணப் பொருத்தம் பாக்கணும்" என்று யூ-ஷ்யா வந்து உட்கார்ந்தபோது ஜோசியர் சுவாங் தே-மிங் நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலே போதும். கோயிலுக்கு எதிரே மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பேனா மூடியைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்துதான், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று அவரையே கேட்டாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். அவர் தன் ஜாதகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"பிறந்த நாளை வச்சுப் பாத்தா நான் மரம். மனைவி ஸ்தானத்து மிருகம் முயல், அதுவும் மரம். எனக்கு வர்றவ மண்ணு. ரெண்டு மரம் ஒரே மண்ணுல வேர்விட்டா மண்ணு என்ன ஆகும்?"

"நிழல் கிடைக்கும்" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. தன்னைக் கட்டுகிறவள் மூன்று வருஷம்கூடத் தாங்கமாட்டாள் என்பது அவர் கணக்கு. அவளைச் சாகக்கொடுக்க மனசில்லாமல்தான் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் மத்தியானக் கஞ்சி தவறாமல் வந்துகொண்டிருந்தது. இஞ்சிதான் கொஞ்சம் கூடிப்போனது.

இப்போது பேனாவை மறுபடி திறந்தார். "மாப்பிள்ளை எந்த வருஷம்?"

"பன்றி வருஷம்."

"என் வயசுதான். மாசம்?"

"அஞ்சாம் மாசம், அஞ்சாம் நாள். உச்சிப்பொழுது."

"படகுப் போட்டித் திருநாள் அன்னிக்கா? அப்படின்னா என்னைவிட ரெண்டு நாள் மூத்தவர்."

"பாத்தா அப்படித் தெரியாது."

ஜோசியர் அதைக் காதில் வாங்காததுபோல எழுதினார். "அன்னிக்குப் பிறந்த பிள்ளை அப்பனை முழுங்கிடும்னு பெரியவங்க சொல்வாங்களே. வீட்டுல பயப்படலையா?"

"அவங்கம்மா நடுங்கித்தான் போனாங்களாம். ஆனா அப்பா தலை நரைச்சு, பல்லு கொட்டி, அதுக்கப்புறம்தான் போனாரு."

வருஷம், மாசம், நாள், நேரம் என்று நாலு வரிசையில் ஜாதகத்தின் எட்டு எழுத்தும் தாளில் இறங்கின. அவர் மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார்.

வருஷத்தில் பன்றி, மாசத்தில் பாம்பு. இரண்டுக்கும் ஜென்மப் பகை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினால் போதும். யூ-ஷ்யா எழுந்து போய்விடுவாள். நாளைக்கும் மத்தியானக் கஞ்சி வரும். யாரும் வந்து அவரைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

வெளியே யாரோ ஊதுவத்திக் கட்டைக் கொளுத்திவிட்டுப் புகையில் இருமினார்கள்.

"என்ன, சரியில்லையா?" என்றாள்.

"பன்றிக்கும் பாம்புக்கும் ஆகாது" என்று தொடங்கியவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அது சின்ன வயசோட போச்சு. கல்யாணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று முடித்தார்.

சொன்ன பிறகு மூச்சு விடச் சுலபமாக இருந்தது. மேலே படித்தார்.

"ஆளு தண்ணி. மனைவி ஸ்தானத்துல எருது, ஈர மண்ணு. கிணத்துக்குச் சுவரு மாதிரி. கட்டினவதான் இந்த ஆளைத் தாங்கிப் பிடிப்பா."

"எனக்கு ஆயுசு?"

"உன் ஜாதகத்தைச் சேத்துப் பாத்தா தீர்க்காயுசு. அவரை வழியனுப்பிட்டுத்தான் நீ போவே."

அவளுடைய எட்டு எழுத்தை அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

"குணம் எப்படி?"

"பிடிவாதம். ஒண்ணை நம்பிட்டா ஊரே வந்து சொன்னாலும் மாத்திக்கமாட்டார்."

"அது எனக்கே தெரியும். மத்தது?"

"மத்தபடி நல்ல மனுஷன். உன்னைக் கண்கலங்க விடமாட்டார்." இதைச் சொல்லும்போது மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். அதில் சுருக்கம் எதுவும் இல்லை.

"கட்டிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"கட்டிக்கோ."

"நாளைக்கு வேற மாதிரிச் சொல்லமாட்டீங்களே?"

"என் தொழில்ல அந்தப் பழக்கம் கிடையாது. இந்தத் தாய்னான் ஊர்ல எந்த ஜோசியன்கிட்ட வேணாலும் கேளு, இதைத்தான் சொல்வான். இப்படி ஒரு மாப்பிள்ளையை விட்டுட்டா உன்னைவிட முட்டாள் கிடையாது."

"சரி" என்றாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. "அப்படியே நல்ல நாளும் குறிச்சுக் கொடுத்துடுங்க."

இதையும் நானேதான் செய்ய வேண்டுமா என்று அவருக்கு இருந்தது. ஆனாலும் இழுப்பறையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தார். பெண் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லின் யூ-ஷ்யா என்று நிதானமாக எழுதினார். அவருடைய கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக வந்தது.

"மாப்பிள்ளை பேரு?"

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய்ந்துவிடுமே என்று அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேரைத்தான் எழுதணும்" என்றாள் யூ-ஷ்யா. "பயந்துபோய் உங்க பிறந்த நாளை ரெண்டு நாள் தள்ளிச் சொல்லிட்டேன்னு உங்க அம்மா நேத்துதான் ஒத்துக்கிட்டாங்க."