தூணில் கட்டிய படகு

முழங்கால்கள் மக்கர் பண்ணியதால்தான் படகுக்காரர் மனசேயில்லாமல் தன் மரப்படகை விற்றார். வாங்கிய ஓட்டல் முதலாளி, துடுப்பின் எந்த முனை தண்ணீரில் போகும் என்றுகூடத் தெரியாத மேதாவி. படகை மாடி ஹாலில் ஏற்றி, அதற்குள் மேஜை போட்டான்.

மறுவாரமே ஓடி வந்தான்.

"அண்ணே, தினம் காலைல வந்து பாத்தா படகு கால்வாய்ப் பக்கத்து ஜன்னலோரமா நகர்ந்து நிக்குது. யாரோ சேட்டை பண்றாங்கன்னு ஹாலைப் பூட்டிட்டுப் போனேன். அப்பவும் நகருது."

படகுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கயிறு கட்டினியா?"

"மாடியில எதுக்குண்ணே கயிறு?"

"கட்டாம விட்டா எந்தப் படகுடா நிக்கும்? இதுகூடத் தெரியல, வாங்க மட்டும் வந்துட்டே."

முதலாளி அதைத் தூணில் கட்டினான். படகு இப்போது நகர்வதில்லை. கயிறு மட்டும் நாளெல்லாம் விறைத்து நிற்கிறது. சாப்பிட வருகிறவர்கள் காலைத் தூக்கி அதைத் தாண்டிப் போகிறார்கள்.